தெ ஷெவோவும் தியாராவும்: இரு பிரெஞ்சு மகிழுந்துகள் பற்றிய ஓர் ஒப்பீடு

முன்னுரை

பிரெஞ்சு மகிழுந்துகளைப் பற்றித் தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் வினவலாம். இங்கே ஒப்பிடப்படும் இரண்டு மகிழுந்துகளில் ஒன்று மலேசியாவிலேயே, புரோட்டோன் என்ற பெயரைத் தாங்கி, 1996ஆம் ஆண்டு முதல் 2000ஆம் ஆண்டு வரை தயாரிக்கப்பட்டது என்பதே அதற்கான முதல் விடை. அதன் பெயர் தியாரா. இன்று பல்கலைக்கழகத்தில் பயிலும் நம்மில் பெரும்பாலோர் பிறப்பதற்கு முன்பே அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. இதனால் அப்பெயரையே கேள்விப்படாதவர்கள் நம்மிடையே பலர் உண்டு.

இரண்டாவது விடை நம் வீட்டுக் கணக்கோடு தொடர்புடையது. நடுத்தர வருமானமும் அதற்குக் குறைந்த வருமானமும் உடைய குடும்பங்களில் வீட்டிற்கு அடுத்த பெரிய கடன் மகிழுந்துக் கடன்தான். ஐந்து, ஏழு, ஒன்பது ஆண்டுகள் என்று தவணை கட்டுகிறோம். வாங்கிய வண்டி நம் வாழ்க்கைக்குப் பொருந்தினால் அது குடும்பத்தைத் தாங்கும். பொருந்தாவிட்டால் குடும்பம் அதைத் தாங்க வேண்டிவரும். ஆகவே, ஒரு வண்டி யாருடைய தேவையை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது என்ற கேள்வி பொறியியல் மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று.

சிட்ரோவன் நிறுவனம் 1948இல் வெளியிட்ட 2 சிவி, அதே நிறுவனம் 1986இல் வெளியிட்ட ஏஎக்ஸ் ஆகிய இரண்டையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. இவற்றுள் ஏஎக்ஸ்தான் பின்னர் நம் நாட்டில் தியாரா ஆனது.

கேள்வியில் தொடங்கிய வண்டி

சிட்ரோவன் நிறுவனம் 1934ஆம் ஆண்டில் கடன் சுமையால் நொடித்துப் போனது. அதற்கு அதிகமாகக் கடன் கொடுத்திருந்த மிஷலின் டயர் நிறுவனம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. நிறுவனத்தைத் தோற்றுவித்த ஆந்த்ரே சிட்ரோவன் 1935இல் காலமானார். மிஷலினின் சார்பில் நிர்வாகத்தில் அமர்ந்தவர்களுள் முக்கியமானவர் பியேர் பூலான்ஜே.

அக்காலப் பிரான்சில் நாட்டுப்புறத்து மக்கள் பெரும்பாலும் குதிரை வண்டியையும் மிதிவண்டியையும் நம்பி வாழ்ந்தார்கள். அவர்களுக்கு ஒரு மகிழுந்து செய்ய வேண்டும் என்பது பூலான்ஜேயின் எண்ணம். படம் வரையும் முன் அவர் ஒரு கருத்தாய்வு நடத்தச் செய்தார். எதைச் சுமக்கிறீர்கள், எவ்வளவு தூரம் போகிறீர்கள், எவ்வளவு செலவிட முடியும் என்பன போன்ற கேள்விகள் நாட்டுப்புற மக்களிடம் கேட்கப்பட்டன.

அந்த விடைகளிலிருந்து பொறியாளர்களுக்குக் கிடைத்த கட்டளை மகிழுந்து வரலாற்றில் புகழ்பெற்றது. உழவர்கள் மரக்காலணியோடு ஏறி அமர வேண்டும். 50 கிலோ உருளைக்கிழங்கு மூட்டையும் ஏற வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக்கூடாது. ஒரு கூடை முட்டையை ஏற்றிக்கொண்டு உழுத வயலைக் கடந்தாலும் ஒரு முட்டைகூட உடையக்கூடாது. புதிதாக ஓட்டக் கற்றவரும் எளிதாக ஓட்ட வேண்டும். அழகு கடைசிக் கவலை. இக்கட்டளையைப் பொறியாளர் ஆந்த்ரே லெஃபெவ்ரும் வடிவமைப்பாளர் ஃபிளாமினியோ பெர்த்தோனியும் செயலாக்கினார்கள்.

1939ஆம் ஆண்டு பாரிஸ் மகிழுந்துக் கண்காட்சியில் வெளியிடுவதற்காக ஏறத்தாழ 250 முன்னோடி வண்டிகள் செய்யப்பட்டன. ஆனால் செப்டம்பரில் உலகப் போர் மூண்டது. செர்மானியர் கையில் சிக்காமலிருக்க அவ்வண்டிகளுள் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. சில ஒளித்து வைக்கப்பட்டன. போர் முடிந்த பின் இயந்திரத்தை வால்டர் பெக்கியா புதிதாக வடிவமைத்தார். 1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் 2 சிவி மக்கள் முன் வந்தது. பிரான்சில் அக்காலத்தில் வாகன வரி இயந்திரத்தின் அளவை ஒட்டி, வரிக்குதிரைத்திறன் என்ற கணக்கில் விதிக்கப்பட்டது. இந்த வண்டிக்கு அக்கணக்கில் இரண்டு குதிரைகள். அதனாலேயே மக்கள் இதை இரண்டு குதிரைகள் என்னும் பொருளில் 'தெ ஷெவோ' என்று அழைத்தார்கள்.

பத்திரிகையாளர்கள் கேலி செய்தார்கள். தகர டப்பாவைத் திறக்கும் கருவியும் இதனோடு கிடைக்குமா என்று ஒருவர் கேட்டதாகக்கூடச் சொல்வார்கள். ஆனால் நாட்டுப்புற மக்கள் சிரிக்கவில்லை, முன்பதிவு செய்தார்கள். காத்திருப்புப் பட்டியல் சில ஆண்டுகளுக்கு நீண்டது. கிராமத்து மருத்துவர், தாதி, பாதிரியார், சிறு உழவர் போன்றோருக்கு முன்னுரிமை வழங்கப்பட்டது.

தெ ஷெவோவின் அமைப்பு

முதல் தெ ஷெவோவின் இயந்திரம் 375 சிசி அளவுடையது. அதன் ஆற்றல் 9 குதிரைத்திறன் மட்டுமே. உச்ச வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர். இன்றைய சிறிய மோட்டார் சைக்கிள்கூட இதை முந்திவிடும். எனினும் அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காரணம் இருந்தது.

இயந்திரம் காற்றால் குளிர்விக்கப்பட்டது. ஆகவே ரேடியேட்டர் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. குளிர்காலத்தில் உறையவும் கோடையில் கொதிக்கவும் எதுவும் இல்லை. கூரை கெட்டித் துணியால் ஆனது. அதைச் சுருட்டிவிட்டால் உயரமான பொருளையும் உள்ளே நிறுத்தலாம். இருக்கைகளைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டுச் சரக்கு ஏற்றலாம். சக்கரத்தின் மேலுள்ள தகடுகள் திருகாணிகளால் இணைக்கப்பட்டிருந்தன. அடிபட்டால் அந்தத் தகட்டை மட்டும் மாற்றிவிடலாம்.

எல்லாவற்றிலும் சிறந்தது அதன் அதிர்வுத் தாங்கி அமைப்பு. ஒரே பக்கத்திலுள்ள முன் சக்கரமும் பின் சக்கரமும் வண்டியின் அடியில் கிடைமட்டமாகப் படுத்திருக்கும் சுருள்வில்களால் இணைக்கப்பட்டிருந்தன. முன் சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது அந்த அசைவின் ஒரு பகுதி பின் சக்கரத்திற்கும் கடத்தப்படும். அதனால் வண்டியின் முன்பக்கம் மட்டும் தூக்கி அடிக்காமல் முழு வண்டியும் மெதுவாக எழுந்து இறங்கும். கூடையில் இருந்த முட்டைகள் உடையாமல் தப்பியது இந்த அமைப்பினால்தான்.

இயந்திரம் படிப்படியாக 425 சிசி, பிறகு 602 சிசி என்று வளர்ந்தது. ஆனால் அடிப்படை மாறவில்லை. பிரான்சில் 1988ஆம் ஆண்டும் போர்ச்சுக்கலில் 1990 ஜூலையிலும் தயாரிப்பு முடிவுற்றது. 42 ஆண்டுகளில் 38 இலட்சத்திற்கும் மேற்பட்ட தெ ஷெவோக்கள் செய்யப்பட்டன.

கணக்கில் தொடங்கிய வண்டி

ஏஎக்ஸ் பிறந்த காலம் வேறு. 1973லும் 1979லும் உலகம் இரண்டு எண்ணெய் நெருக்கடிகளைக் கண்டிருந்தது. சிட்ரோவனும் 1970களின் நடுவில் பெஜோ நிறுவனத்தின் கைக்குச் சென்றிருந்தது. பிரான்சின் நாட்டுப்புறத்திலும் நல்ல தார்ச்சாலைகள் வந்துவிட்டன. உழுத வயலைக் கடக்கும் தேவை குறைந்து, விரைவுச்சாலையில் குறைந்த எண்ணெயில் ஓடும் தேவை கூடியது.

ஆகவே ஏஎக்ஸின் பொறியாளர்கள் எடையையும் காற்றுத் தடையையும் குறைப்பதில் முனைந்தார்கள். அடிப்படை வகையின் எடை ஏறத்தாழ 640 கிலோதான். காற்றுத் தடையின் குணகம் 0.31. பின்னாளையத் தெ ஷெவோவின் குணகமோ ஏறத்தாழ 0.5. நான்கு சிலிண்டர்கள் கொண்ட நீர்க்குளிர்ச்சி இயந்திரங்கள் 954 சிசி, 1,124 சிசி, 1,360 சிசி என்ற அளவுகளில் வந்தன. சீனப் பெருஞ்சுவரின் மேல் ஏஎக்ஸ் ஓடுவதாக எடுக்கப்பட்ட தொலைக்காட்சி விளம்பரம் 1986இல் பரபரப்பாகப் பேசப்பட்டது.

இவ்வண்டியின் டீசல் வகை 1989இல் இங்கிலாந்தின் டோவரிலிருந்து ஸ்பெயினின் பார்சலோனாவை நோக்கி ஓடி, 100 கிலோமீட்டருக்கு 2.7 லிட்டர் என்ற சிக்கனத்தால் கின்னஸ் சாதனை நூலில் இடம்பெற்றது. இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். 1930களில் பூலான்ஜே கேட்டது 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர். விற்பனைக்கு வந்த தெ ஷெவோ அந்த அளவை எட்டவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஏஎக்ஸ்தான் அதை எட்டியது. அந்த வகையில் தெ ஷெவோவின் நிறைவேறாத ஒரு கட்டளையை ஏஎக்ஸ் நிறைவேற்றியது எனலாம்.

ஒப்பீடு

இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பின்வரும் வேறுபாடுகள் தெரிகின்றன.

காலம்: தெ ஷெவோ 1948 முதல் 1990 வரை, 42 ஆண்டுகள். ஏஎக்ஸ் 1986 முதல் 1998 வரை, 12 ஆண்டுகள்.

எண்ணிக்கை: தெ ஷெவோ 38 இலட்சத்திற்கு மேல். ஏஎக்ஸ் 25 இலட்சத்திற்கு மேல்.

நீளம்: தெ ஷெவோ ஏறத்தாழ 3.8 மீட்டர். ஏஎக்ஸ் ஏறத்தாழ 3.5 மீட்டர்.

இயந்திரம்: தெ ஷெவோவிற்கு இரண்டு சிலிண்டர், காற்றுக் குளிர்ச்சி. ஏஎக்ஸிற்கு நான்கு சிலிண்டர், நீர்க் குளிர்ச்சி.

வலிமை: தெ ஷெவோ கரடுமுரடான பாதையிலும் சுமையிலும் சிறந்தது, ஏஎக்ஸ் நல்ல சாலையில் சிக்கனத்திலும் வேகத்திலும் சிறந்தது.

பழுது: தெ ஷெவோவைச் சாதாரணக் கருவிகளோடு உரிமையாளரே ஓரளவு சரிசெய்யலாம். ஏஎக்ஸிற்குப் பயிற்சி பெற்ற பட்டறை வேண்டும்.

எண்ணிக்கையை ஆண்டுக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் வேறோர் உண்மை வெளிப்படும். தெ ஷெவோ சராசரியாக ஆண்டுக்கு 90 ஆயிரத்தைச் சற்றே தாண்டுகிறது. ஏஎக்ஸ் ஆண்டுக்கு 2 இலட்சத்தைத் தாண்டுகிறது. ஆகவே, பழையது நல்லது, புதியது மோசம் என்று முடிவு கட்ட இடமில்லை. ஏஎக்ஸ் அது பிறந்த நாட்டில் வெற்றி பெற்ற வண்டி. 1980களின் ஐரோப்பியர் கேட்ட கேள்விக்கு அது சரியான விடை. அதே விடையைக் கடல் கடந்து கொண்டுவந்தபோது என்ன நடந்தது என்பதே நாம் ஆராய வேண்டியது.

மலேசியாவில் தியாரா

புரோட்டோன் நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. 1985இல் வந்த சாகா தொடங்கி விரா, சத்ரியா, பெர்டானா என்று அடுத்தடுத்து வந்தவை அனைத்தும் ஜப்பானின் மிட்சுபிஷி வண்டிகளை அடிப்படையாகக் கொண்டவை. ஒரே நாட்டை, ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருப்பதிலிருந்து விடுபட வேண்டும் என்ற எண்ணம் 1990களில் வலுப்பெற்றது. டிஆர்பி குழுமத்தின் தலைவராக இருந்த டான் ஸ்ரீ யாஹ்யா அகமாட் ஐரோப்பாவை நோக்கிப் பார்த்தவர். இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பங்கைப் புரோட்டோன் 1996இல் வாங்கியதும் இந்தக் காலக்கட்டத்தில்தான். புரோட்டோனும் டிஆர்பியும் சேர்ந்த கூட்டு நிறுவனம் சிட்ரோவனின் ஏஎக்ஸை எடுத்து, முகப்பிலும் பின்புறத்திலும் சில மாற்றங்கள் செய்து, 1996இல் தியாரா என்ற பெயரில் வெளியிட்டது. தியாரா என்பது மணிமுடி வகையைக் குறிக்கும் சொல்.

தியாராவின் இயந்திரம் 1,124 சிசி, ஏறத்தாழ 60 குதிரைத்திறன். ஐந்து கதவுகள், கைகியர் மட்டும். ஓட்டிப் பார்த்தவர்கள் அதன் சுறுசுறுப்பைப் பாராட்டினார்கள். ஆயினும் அது வந்தபோது ஏஎக்ஸின் வயது பத்து. பிரான்சில் அதன் அடுத்த தலைமுறையான சாக்ஸோ அதே 1996இல் வெளிவந்தது. அங்கே விடைபெறத் தயாரான வண்டி இங்கே புதுமுகமாக அறிமுகமானது.

அதன் பின் இரண்டு அடிகள் விழுந்தன. 1997 மார்ச் 2ஆம் நாள் யாஹ்யா அகமாட் ஹெலிகாப்டர் விபத்தில் உயிரிழந்தார். திட்டத்திற்கு உந்துசக்தியாக இருந்தவர் மறைந்தார். அதே ஆண்டு ஜூலையில் ஆசிய நிதி நெருக்கடி தொடங்கியது. நெருக்கடிக்கு முன் ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 2.50 ரிங்கிட் என்றிருந்த மதிப்பு 1998 ஜனவரியில் 4 ரிங்கிட்டைத் தாண்டிச் சரிந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பாகங்களை நம்பியிருந்த எந்தத் தொழிலுக்கும் அது சோதனைக் காலம். தியாரா 2000ஆம் ஆண்டோடு மறைந்தது.

இந்த இரு அடிகளும் விழாமல் இருந்திருந்தால் தியாரா நிலைத்திருக்குமா? இதற்கு விடை காணப் பூலான்ஜேயின் வழியையே பின்பற்றிப் பார்க்கலாம்.

பூலான்ஜேயின் வினாத்தாள் பந்திங்கில்

ஒரு கற்பனைக் கணக்கு. 1990களின் தொடக்கத்தில் பூலான்ஜேயின் ஆட்கள் கோலலங்காட் மாவட்டத்திற்கு வந்திருந்தால், அதாவது பந்திங், தெலுக் டத்தோக், ஜெஞ்சாரோம், கேரித் தீவு ஆகிய இடங்களில் உள்ள குடும்பங்களிடம் கேட்டிருந்தால், என்ன விடைகள் கிடைத்திருக்கும்? இந்த வட்டாரத்துத் தோட்டப்புற வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு விடைகளை ஊகிப்பது கடினமன்று.

எத்தனை பேர் ஏறுவீர்கள்? அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், பாட்டி. தைப்பூசத்திற்குப் பத்துமலை என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேரும்.

எதைச் சுமப்பீர்கள்? மாதச் சம்பளம் வாங்கியதும் பந்திங் பட்டணத்திலிருந்து அரிசி மூட்டை, சமையல் எரிவாயுத் தோம்பு, பள்ளிப் பைகள்.

எந்தச் சாலை? முதலில் செம்பனை லாரிகள் குழியாக்கிய செம்மண் பாதை. மழை பெய்தால் சேறு. அதைத் தாண்டினால் தார்ச்சாலை. கிள்ளானை நெருங்கினால் நெரிசல். நெரிசலில் மணிக்கணக்கில் கிளட்சை மிதித்துக் கால் வலிக்கும்.

பழுதானால்? தாமானுக்குப் பக்கத்தில் உள்ள பட்டறைக்காரருக்குத் தெரிந்த வண்டியாக இருக்க வேண்டும். உதிரிப் பாகம் அன்றே கிடைக்க வேண்டும். மறுநாள் வேலைக்குப் போயாக வேண்டும்.

எண்ணெய்ச் செலவு? முக்கியந்தான். ஆனால் மாதத் தவணை அதைவிட முக்கியம்.

இந்தக் கடைசி விடையைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் பெட்ரோலின் மீது கடுமையான வரி உண்டு. அங்கே ஏஎக்ஸின் சிக்கனம் மாதந்தோறும் கையில் தெரியும் சேமிப்பு. எண்ணெய் வளமுள்ள நம் நாட்டில் பெட்ரோல் விலை நெடுங்காலமாகக் குறைவாகவே வைக்கப்பட்டிருந்தது. ஏஎக்ஸின் தலையாய சிறப்பு இங்கே பாதி மதிப்பை இழந்துவிடுகிறது. செம்மண் பாதைக்கோ நெரிசலுக்கோ அதனிடம் தனிச்சிறப்பான விடை இல்லை. ஆட்டோமெட்டிக் கியர் இல்லை. பட்டறைக்காரர்களின் கையோ ஜப்பானிய இயந்திரங்களுக்குப் பழகியது.

பிரான்சின் உழவர் குடும்பத்திற்காகச் செய்யப்பட்ட முட்டைக் கூடை வண்டிதான் நம் செம்மண் பாதைக்கு நெருங்கிய உறவு என்பது இங்கே விளங்கும். ஆனால் 1990களில் தெ ஷெவோ பாதுகாப்பு விதிகளுக்கும் புகை விதிகளுக்கும் ஈடுகொடுக்க முடியாத பழைய வண்டி. அதைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கொண்டுவந்திருக்க வேண்டியது அதன் வினாத்தாளை.

கஞ்சில் சொல்லும் பாடம்

தியாரா கடன் வாங்கிய வடிவம், அதனால்தான் தோற்றது என்று சொல்வதும் தவறு. பெரொடுவா 1994 ஆகஸ்டில் வெளியிட்ட கஞ்சிலும் கடன் வாங்கியதுதான். ஜப்பானின் டைஹாட்சு மீரா வண்டியே அதன் மூலம். முதலில் வந்த கஞ்சிலின் இயந்திரம் 660 சிசி. தியாராவைவிட ஆற்றல் குறைந்தது. அதுவும் தொடக்கத்தில் கைகியரோடுதான் வந்தது. இருந்தும் 2009ஆம் ஆண்டு வரை நிலைத்து, 7 இலட்சத்திற்கும் மேல் விற்பனையானது. கஞ்சில் என்றால் சருகுமான். மலாய்க் கதைகளில் சிறிய உடலும் கூர்மையான அறிவும் கொண்ட விலங்கு. பெயர் பொருத்தமாகவே அமைந்தது.

காரணங்களை இப்படி வரிசைப்படுத்தலாம். முதலாவது, மோட்டார் சைக்கிளில் நால்வராகப் போய்க்கொண்டிருந்த குடும்பம் எட்டக்கூடிய தவணையில் அது கிடைத்தது. இரண்டாவது, நம் நாட்டிலும் சாலை வரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்தது. சிறிய இயந்திரத்திற்குக் குறைந்த வரி. தெ ஷெவோ தன் பெயரையே பெற்ற அதே தந்திரம் இது. மூன்றாவது, எந்தப் பட்டணத்திலும் அதைப் பழுதுபார்க்க ஆள் உண்டு, பாகமும் உண்டு. நான்காவது, மக்கள் கேட்கக் கேட்க அது மாறியது. 850 சிசி இயந்திரமும் ஆட்டோமெட்டிக் கியரும் பின்னர் வந்து சேர்ந்தன.

தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான்களிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் குடியேறிய இந்தியக் குடும்பங்கள் பலவற்றிற்கு முதல் மகிழுந்து கஞ்சில்தான். பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு, தொழிற்சாலைக்கு ஓடி, மாலையில் டியூசனுக்கு ஏற்றிச் சென்ற வண்டி அது. பிரான்சின் கிராமத்துக்குத் தெ ஷெவோ செய்த வேலையை இங்கே கஞ்சில் செய்தது என்றால் மிகையாகாது.

மாறாக, தியாரா வாங்கியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1996இல் ஏழு ஆண்டுத் தவணையில் கையெழுத்திட்டவருக்குக் கடன் முடியும் ஆண்டு 2003. வண்டியின் தயாரிப்போ 2000ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. தவணை மிச்சம் இருக்க, உதிரிப் பாகத்தைத் தேடி அலைய வேண்டிய நிலை. நிறுவனங்கள் ஒரு திட்டத்தைக் கைவிட்டு அடுத்ததற்குப் போகலாம். கடன் வாங்கிய குடும்பத்திற்கு அந்த வசதி இல்லை.

கேள்வியை எடுத்துச் சென்ற இடங்கள்

தெ ஷெவோ நம் வட்டாரத்திற்கு வேறு வழியில் வந்ததுண்டு. 1970 முதல் 1975 வரை தென்வியட்நாமின் சைகோன் நகரில் சிட்ரோவன் 'லா டாலாட்' என்ற வண்டியைத் தயாரித்தது. இயந்திரமும் அடிப்பாகமும் தெ ஷெவோவின் வழிவந்தவை. உடற்பகுதி மட்டும் தட்டையான தகடுகளை வளைத்து உள்ளூரிலேயே செய்யக்கூடியதாக அமைக்கப்பட்டது. பெரிய அச்சு இயந்திரங்கள் தேவைப்படவில்லை. உள்ளூர்ப் பாகங்களின் பங்கும் படிப்படியாகக் கூடியது. போருக்கு நடுவிலும் ஆயிரக்கணக்கில் அவ்வண்டிகள் ஓடின. எளிமையாகப் பிறந்த வண்டியை வேறு நாட்டின் கைகளுக்கு ஏற்ப மாற்றுவது எளிது என்பதற்கு இது சான்று.

அண்மைய எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் கிடைக்கிறது. சிட்ரோவன் 2022இல் திருவள்ளூர் ஆலையில் சி3 என்ற சிறிய மகிழுந்தைச் செய்து இந்தியாவில் வெளியிட்டது. இம்முறை பழைய ஐரோப்பிய வண்டியைப் பெயர் மாற்றிக் கொடுக்கவில்லை. இந்தியச் சாலைகளை எண்ணி வடிவமைத்தார்கள். 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பாகங்கள் உள்நாட்டிலேயே பெறப்பட்டன. இது தியாராவிலிருந்து பெரிய முன்னேற்றம். எனினும் தொடக்கத்தில் அதிலும் ஆட்டோமெட்டிக் இல்லை, 2024இல்தான் சேர்க்கப்பட்டது. போட்டி வண்டிகளின் அளவுக்கு விற்பனையும் எழவில்லை. கேள்வியைக் கேட்டால் மட்டும் போதாது, வந்த விடை முழுவதையும் காதில் வாங்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

தெ ஷெவோ, ஏஎக்ஸ் ஆகிய இரண்டும் தத்தம் காலத்தின் நல்ல படைப்புகள். ஒன்று ஏழை உழவரின் முட்டைக் கூடையிலிருந்து தொடங்கியது. மற்றது எண்ணெய் நெருக்கடியின் கணக்கிலிருந்து தொடங்கியது. ஏஎக்ஸ் தியாராவாக இங்கே வந்தபோது பொறியியல் வந்தது, சின்னம் மாறியது, ஆனால் இந்நாட்டுக் குடும்பத்திடம் கேட்க வேண்டிய கேள்வி போதிய அளவு கேட்கப்படவில்லை. தியாராவின் தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் நம்மால் தவிர்க்கக்கூடியதாக இருந்தது இது ஒன்றே என்பது என் கருத்து.

இது பழங்கதையன்று. 2017இல் சீனாவின் ஜீலி நிறுவனம் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. 2018இல் வெளிவந்த எக்ஸ்70ம், 2024 டிசம்பரில் வெளிவந்த புரோட்டோனின் முதல் மின்மகிழுந்தான இ.மாஸ் 7ம் ஜீலி வண்டிகளை அடிப்படையாகக் கொண்டவை. கடன் வாங்குவதில் குற்றமில்லை. கஞ்சிலும் அப்படித்தான் வெற்றி பெற்றது. ஆனால் மின்மகிழுந்தை வீட்டு வாசலில் மின்னேற்றம் செய்யலாம் என்று விளம்பரங்கள் சொல்லும்போது, ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் குடும்பம் எங்கே மின்னேற்றம் செய்யும் என்பதை யாராவது கேட்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு மின்கலத்தை மாற்றும் செலவை அந்தக் குடும்பம் எப்படித் தாங்கும் என்பதையும் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டியவர்கள் நாமே. நம்மில் சிலர் பொறியாளர்களாகவும் கணக்காளர்களாகவும் அரசு அதிகாரிகளாகவும் வருவோம். தோட்டத்துச் செம்மண் பாதையையும் தாமானின் நெருக்கடியையும் அறிந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் நம்மிடையே ஏராளம். பெரிய அலுவலகங்களில் திட்டங்கள் மேசைக்கு வரும்போது, இது யாருக்கு, அவர்களிடம் கேட்டீர்களா என்று வினவும் தகுதியை அந்த அனுபவமே நமக்குத் தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துவோமாக.